கல்லில் நின்ற கொடை: பள்ளிச்சந்தமும் அறநிதியும்

அறக்கட்டளைகளுக்கு நிதி திரட்டுதல், நல்கை வேண்டி விண்ணப்பம் எழுதுதல், பெற்ற பொருளுக்குக் கணக்குக் காட்டுதல் ஆகிய பணிகளை மேலைநாட்டிலிருந்து அண்மைக் காலத்தில் வந்த கலைகள் என்று கருதுவோர் உளர். சொற்கள் புதியன, செயல் பழையது. தமிழகத்தின் மலைக்குகைகளிலும் பாறைச்சரிவுகளிலும் செப்பேடுகளிலும் சமணப் பெருமக்கள் விட்டுச் சென்ற எழுத்துகளில் பெரும்பகுதி இப்பொருள் பற்றியதே. யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், யார் பொறுப்பில் கொடுத்தார், அது எத்துணைக் காலம் நிற்க வேண்டும் என்னும் ஐந்து வினாக்களுக்கு அவ்வெழுத்துகள் விடை கூறுகின்றன. இன்று ஒரு நல்கை விண்ணப்பத்தைப் படிப்பவர் கேட்கும் வினாக்களும் இவையே.

துறவிகள் தமக்கென எதனையும் வைத்துக்கொள்ளாதவர்கள். அபரிக்கிரகம் அவர்களுடைய நோன்பு. ஆகவே சங்கத்தின் உணவு, உறையுள், நூல், மருந்து ஆகிய அனைத்தும் இல்லறத்தார் கையிலிருந்து வரவேண்டியிருந்தன. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று நால்வகைத் தானத்தை வகுத்த சமயம், அத்தானங்கள் தடையின்றி நடைபெறுவதற்கான வழிமுறையையும் வகுக்க வேண்டியதாயிற்று. அவ்வழிமுறையின் வரலாற்றைச் சில சான்றுகள் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

அரசரும் வணிகரும் ஒரே பாறையில்

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் மலையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை எனக் கருதப்படுகின்றன. இவற்றை 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். கணி நந்தாசிரி என்னும் துறவிக்காக அங்கே பாழி அமைக்கப்பெற்றது. கொடுத்தவர்களுள் ஒருவர் நெடுஞ்செழியனின் பணியாளரான கடலன் வழுதி. அதே மலையில் வெள்ளறை நிகமத்தாரும் கொடையாளராகக் குறிக்கப்பெறுகின்றனர். நிகமம் என்பது வணிகர் குழு. அரச அலுவலர் ஒருவரின் கொடையும் வணிகர் குழு ஒன்றின் கூட்டுக் கொடையும் ஒரே மலையில் இடம்பெறுவது கருதத்தக்கது. கூட்டாக நிதி திரட்டும் வழக்கத்திற்குத் தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று.

அழகர்மலைக் குகையில் இவ்வழக்கம் இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது. அங்கே உப்பு வணிகர், பணித வணிகர், கொழு வணிகர், பொற்கொல்லர் எனத் தத்தம் தொழிலைக் கூறித் தம் பெயரைப் பொறித்தோர் பலர். பணிதம் என்பது வெல்லப்பாகு. கொழு என்பது கலப்பையின் இரும்பு முனை. உப்பும் வெல்லமும் ஏர்க்கொழுவும் விற்றுப் பெற்ற ஊதியத்தின் ஒரு பங்கு துறவியர் தங்கும் பாறையிடத்திற்குச் சென்றது. கரூரை அடுத்த புகலூர் ஆறுநாட்டார் மலையிலோ, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த துறவிக்குச் சேரர் குடியைச் சேர்ந்த இளங்கடுங்கோ இளவரசனானபோது உறையுள் வெட்டுவித்தான். அதே மலையில் கருவூர்ப் பொன் வணிகன் நத்தி என்பாரின் கொடையும் காணப்படுகிறது.

இக்கல்வெட்டுகள் மிகச் சுருக்கமானவை. பெயர், தொழில் அல்லது குடி, கொடுத்த பொருள் என்னும் அளவில் நிற்பவை. எனினும் ஓர் உண்மையை ஐயமின்றி உணர்த்துகின்றன. ஒரு புரவலரையே சார்ந்து சங்கம் வாழவில்லை. அரசன் மாறினாலும் வணிகர் இருந்தனர். ஒரு வணிகர் நொடித்தாலும் நிகமம் இருந்தது.

கழுகுமலையில் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த வட்டெழுத்துக் குறிப்புகள் இதே நெறியை மற்றொரு வகையில் காட்டுகின்றன. பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள் செதுக்கப்பெற்றுள்ளன. ஒவ்வொன்றன் கீழும் அதனைச் செய்வித்தவர் பெயர் உண்டு. தச்சரும் குயவரும் கொல்லரும் அவர்களுள் அடங்குவர். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அங்கே விளங்குகின்றன. முழு மலைக்கும் ஒருவரே பொருள் தரவில்லை. ஒரு திருமேனிக்கு ஒருவர் எனப் பணி பகுக்கப்பட்டது. எளிய கைவினைஞரும் தம்மால் இயன்ற ஓர் அலகை ஏற்று முழுமையாக நிறைவேற்றினர். பெரும்பணியைச் சிறு அலகுகளாகப் பகுத்து, ஒவ்வோர் அலகிற்கும் ஒரு கொடையாளரைத் தேடும் முறை இன்றைய அறக்கட்டளைகளுக்கும் நன்கு பழகியதே.

முதல் அழியாத கொடை

உறையுளைக் கொடுத்தல் ஒருமுறை செய்யும் செயல். உணவும் விளக்கும் நாள்தோறும் வேண்டுவன. நாள்தோறும் வேண்டுவதற்கு நாள்தோறும் கொடையாளரைத் தேடுதல் இயலாது. இவ்விடர்க்குத் தீர்வாக அமைந்ததே மூலநிதி.

பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலைக் கல்வெட்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870; பாண்டியன் வரகுணனின் 8ஆம் ஆட்சியாண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான காளத்துச் சாந்திவீரக் குரவர் என்பவர் திருவயிரை மலையிலிருந்த பாரிசுவநாதர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். புதுப்பித்ததோடு அமையாமல், வழிபாட்டுக்குரிய அவியும் ஓர் அடிகளுக்குச் சோறும் முட்டின்றி நடைபெற 505 காணம் பொன்னை வைத்தார். பாண்டியர் வரலாற்றின் கால வரையறைக்குப் பெருந்துணையாக அமைந்த கல்வெட்டு என்னும் வகையில் ஆய்வாளர் இதனைப் போற்றுவர். அறநிதி வரலாற்றிலும் இதற்குச் சிறப்பிடம் உண்டு. பணி இன்னது, அதனால் பயன்பெறுவோர் ஒருவர், தொகை இவ்வளவு என்று மூன்றும் அளவிட்டுக் கூறப்பட்டுள்ளன. துறவியர் பலர்க்கும் உணவு என்று பரந்துபடக் கூறாமல், வைத்த பொன்னுக்கு ஏற்ற அளவில் ஓர் அடிகளுக்கு என்று வரையறுத்த நேர்மை எண்ணத்தக்கது.

போளூருக்கு அருகிலுள்ள திருமலையில், இராசராசனின் தமக்கையார் பெயரால் வழங்கும் குந்தவை சினாலயம் உள்ளது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் பெரும்பாணப்பாடியைச் சார்ந்த வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை இக்கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கிற்காக 20 காசும் திருவமுதிற்காக 10 காசும் வைத்தார். இரண்டு பணிகள், இரண்டு தனித் தொகைகள். விளக்கிற்குரியதை அமுதிற்கும், அமுதிற்குரியதை விளக்கிற்கும் மாற்றுதற்கு இடமில்லை. குறித்த நோக்கத்திற்குத் தந்த நிதியை அந்நோக்கத்திற்கே செலவிட வேண்டும் என்று இன்றைய சட்டமும் தணிக்கையும் வலியுறுத்துவதை ஒரு வணிகர் மனைவியின் கொடை பதினோராம் நூற்றாண்டிலேயே எழுத்தில் காட்டிவிட்டது.

வைத்த காசு எவ்வாறு நிலைத்தது என்பதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பொதுவாக விளக்குகின்றன. முதல் என்னும் மூலத்தொகை ஊராரிடமோ சபையாரிடமோ நகரத்தாரிடமோ ஒப்படைக்கப்படும். அவர்கள் அதனைப் பயன்படுத்தி ஆண்டுதோறும் பொலிசை செலுத்துவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்னும் வீதம் காணப்படுகிறது. இன்றைய முறையில் இது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அவ்வீதப்படி கணக்கிடின் 20 காசு ஆண்டுக்கு இரண்டரைக் காசு ஈட்டும். விளக்கு எரிவது அந்தப் பொலிசையால். முதலில் எவரும் கை வைப்பதில்லை.

விளக்கிற்கு ஆடு கொடுப்பதும் பெருவழக்கு. ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளிக்க வேண்டும். இவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று வழங்கினர். தனியாடு சாகும், மூக்கும், மந்தை குறையாது. குட்டி ஈன்று எண்ணிக்கை நிறைவதால் அவை சாவாதவை, மூவாதவை ஆயின. மூலநிதி என்னும் கருத்தை இதனினும் எளிதாகக் கூறும் சொல் வேறொன்று கிடைப்பது அரிது. தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆடு பெற்ற இடையரின் பெயரோடு, அவர் தவறினால் பொறுப்பேற்கும் உறவினர் பெயர்களும் எழுதப்பெற்றன. நம்பிக்கை ஒருபுறம் இருக்க, பிணையும் உடன் இருந்தது.

கொடையைப் பெற்றுச் செலவிடுவதோடு நில்லாமல் வருவாயைப் பெருக்க முயன்ற துறவியரும் உண்டு. அதே திருமலையில், இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், குணவீர மாமுனிவர் என்பவர் ஒரு கலிங்கு கட்டுவித்து, அதற்குக் கணிசேகர மருபொற்சூரியன் என்னும் பெரியாரின் பெயரைச் சூட்டினார். நீர் நின்றால் நிலம் விளையும். நிலம் விளைந்தால் அறம் நடக்கும். கட்டியவர் தம் பெயரை விடுத்துத் தாம் மதித்த பெரியாரின் பெயரை இட்டதும் நினைவிற்குரியது.

விண்ணப்பம் முதல் செப்பேடு வரை

அரசர் ஊரையோ நிலவருவாயையோ சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு அளித்தால் அது பள்ளிச்சந்தம் எனப்பட்டது. பள்ளன்கோயில் செப்பேடு, பல்லவன் சிம்மவர்மனின் 6ஆம் ஆட்சியாண்டில் பருத்திக்குன்றில் இருந்த வச்சிரநந்திக் குரவர்க்கு அமண்சேர்க்கை என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் கொண்ட செப்பேடுகளுள் இது மிகப் பழைய கொடையைக் கூறுவது.

பல்லவர் செப்பேடுகள் காட்டும் நடைமுறையில் அரசாணை நாட்டார்க்குச் செல்லும். நாட்டார் திருமுகத்தைத் தலைமேற் கொண்டு, நிலத்தின் எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, அதன் விவரத்தை ஓலையில் எழுதி அனுப்புவர். அரசன் கொடுத்தான் என்பது மட்டும் போதாது; அயலார் அறிய எல்லை காட்டப்பட வேண்டும். பின்னாளில் வழக்கு எழுந்தால் அவர்களே சான்று.

சோழர் காலத்தில் இந்நடைமுறை மேலும் விரிந்தது. நாகப்பட்டினத்தில் கடாரத்தரசர் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். நிலம் 97 வேலிக்கு மேல். ஆண்டு வருவாய் 8,943 கலத்திற்கு மேற்பட்ட நெல். வாய்மொழி ஆணை 21ஆம் ஆட்சியாண்டில் பிறந்தது. அது திருமந்திர ஓலையாக எழுதப்பட்டு, ஒப்பிடப்பட்டு, புரவுவரித் திணைக்களத்தார் முன்னிலையில் வரிப்பொத்தகத்தில் பதியப்பட்டது. நிலத்தை வரையறுத்து நாட்டார் ஆவணம் தந்தது 23ஆம் ஆட்சியாண்டில். தந்தை அளித்த கொடையை நிலைபெறச் செய்து செப்பேட்டில் ஏற்றியவன் மகன் இராசேந்திரன். அச்செப்பேடுகள் இன்று லெய்டன் நகரின் பெயரால் அறியப்படுகின்றன. ஆணைக்கும் நிலம் கைக்கு வருவதற்கும் இடையே ஆண்டுகள் கழிந்தன. அலுவலர் பலரின் கையெழுத்து வேண்டியிருந்தது. இன்று ஒப்புதல் கிடைத்த நல்கைக்காகக் காத்திருக்கும் அறங்காவலர்கள் இதனைப் படித்துச் சற்றே ஆறுதல் கொள்ளலாம்.

காவாது விட்டால் கரையும்

கொடுப்பதினும் காப்பது கடிது என்பதை உணர்த்தும் கல்வெட்டு ஒன்று ஆர்க்காட்டுக்கு அருகில் பஞ்சபாண்டவமலையில் உள்ளது. இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டு. அப்பகுதியை ஆண்ட இலாடராசன் வீரசோழன் தன் தேவியோடு திருப்பான்மலை இறைவனைத் தொழச் சென்றான். அப்போது அரசி ஒரு விண்ணப்பம் செய்தார். கூறகன்பாடி என்னும் ஊர் இப்பள்ளிக்குரியது; அவ்வூரின் கற்பூர விலையை முன்பிருந்த இலாடராசர்கள் தாமே கொண்டமையால் பள்ளிச்சந்தம் கெட்டது; அதனை ஒழித்தருள வேண்டும் என்பதே அவ்விண்ணப்பம். அரசன் அதனை ஏற்றுக் கற்பூர விலையையும் அந்நியாய வாவதண்ட இறை என்னும் வரியையும் பள்ளிக்கே விட்டுக்கொடுத்தான்.

இவ்விண்ணப்பத்தின் அமைப்பு எண்ணி மகிழத்தக்கது. எந்த ஊர், எந்த வருவாய், யாரால் தடைப்பட்டது, அதனால் நேர்ந்த கேடு யாது, வேண்டுவது யாது என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைகிறது. கேட்கப்படுபவர் கணவர், குறை கூறப்பட்டதோ அவருடைய குலத்தின் முன்னோர் செயல். ஆயினும் உண்மை மறைக்கப்படவில்லை. அரசனும் அதனை மறைக்கவில்லை. தன் முன்னோர் கொண்டதைக் கூறியே கல்லில் வெட்டுவித்தான். நல்ல விண்ணப்பம் இரத்தலின் வேறானது. அது நிலையை உள்ளபடி அறிவித்து நீதி கேட்பது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

காவல் அரசனுக்கு மட்டும் உரியதன்று. வந்தவாசி வட்டத்து வேடலில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தில், குணகீர்த்தி படாரரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியார் 500 மாணவியரோடு இருந்தார். தவசியரோடு அவர்களுக்குப் பூசல் நேர்ந்தபோது, அப்பகுதி மக்கள் அக்குரத்தியாரையும் மாணவியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றுக் கல்லில் எழுதினர். ஆகாரமும் அபயமும் ஒரே உடன்படிக்கையில் இணைந்தன. பெண்கள் 500 பேர் கற்ற ஓர் அமைப்பு, வல்லவர் ஒருவரின் அருளால் அன்றி ஊராரின் எழுதப்பட்ட வாக்கால் காக்கப்பட்டது என்பது தமிழகக் கல்வி வரலாற்றிலும் பொறிக்கத்தக்க செய்தி.

பிற்காலத்தும் இம்மரபு அறவில்லை. காஞ்சியின் ஒரு பகுதியாகச் சினகாஞ்சி எனப் போற்றப்படும் திருப்பருத்திக்குன்றத்து வர்த்தமானர் கோயிலுக்கு விசயநகர அமைச்சர் இருகப்பர் 1382ஆம் ஆண்டு மகேந்திரமங்கலம் என்னும் ஊரை அளித்தார். ஐந்து ஆண்டுகளின்பின், தம் ஆசிரியர் புட்பசேனரின் தூண்டுதலால் அங்கே சங்கீத மண்டபத்தையும் எடுப்பித்தார். முதலில் வருவாய், பிறகு கட்டடம். இவ்வரிசை நம் கவனத்திற்குரியது.

கையொப்பத்தால் வந்த சாத்திர தானம்

கல்லும் செம்பும் அச்சுத்தாளுக்கு இடம் தந்த காலத்திலும் கொடை பதிவாயிற்று. 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கற்கத் தொடங்கிய உ.வே. சாமிநாதையர், அதன் சமணக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் கேட்டறிந்தார். 1887ஆம் ஆண்டில் அந்நூல் அச்சில் வெளிவந்தது. அச்சிடுதற்குரிய பொருளுக்காக ஐயர் அன்பர்கள் பலரிடம் கையொப்பம் பெற்றார். நூல் வருமுன்னரே அதனை வாங்குவதாக ஒப்புக்கொண்ட அந்தக் கையொப்பங்கள் நிகமத்தாரின் கூட்டுக் கொடைக்கு உறவானவை. திருத்தக்கதேவரின் காப்பியம் நம் கைக்கு எட்டியதில் சமணர் தந்த விளக்கமும் பிற சமயத்தார் பலர் தந்த பொருளும் கலந்திருந்தன.

இன்றைய அறங்காவலர்க்கு

இன்று சட்டங்கள் வேறு. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 80ஜி பிரிவின்வழி நன்கொடையாளர்க்கு வரிச்சலுகை அளித்தது. 2013ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, வரையறுத்த அளவிற்கு மேற்பட்ட நிறுமங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர ஆதாயத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என விதித்தது. இவற்றால் நல்கை பெறும் வாயில்கள் பெருகியுள்ளன. திட்ட முன்மொழிவு, வரவு செலவு மதிப்பீடு, பயன்பாட்டுச் சான்றிதழ், தணிக்கை அறிக்கை ஆகியவற்றைச் செம்மையாக எழுதத் தெரிந்த இளைஞர் ஒவ்வோர் அறக்கட்டளைக்கும் வேண்டும்.

அவ்விளைஞர்க்குப் பாடநூல் நம் மலைகளில் உள்ளது. பணியை அளவிட்டுக் கூறுக என்கிறது ஐவர்மலை. நோக்கம்தோறும் நிதியைத் தனியே வைக்க என்கிறது திருமலை. ஒருவரையே சாராது பலரிடம் சிறு சிறு அலகுகளாகப் பெறுக என்கின்றன அழகர்மலையும் கழுகுமலையும். வருவாய் தடைப்பட்டால் உண்மையை எடுத்துக் கூறி மீட்க என்கிறது பஞ்சபாண்டவமலை. எல்லோரும் காணக் கணக்கை எழுதி வைக்க என்று எல்லா மலைகளும் ஒருங்கே கூறுகின்றன. கொடையைக் கல்லில் வெட்டியது கொடுத்தவரைப் புகழ்வதற்கு மட்டும் அன்று. பெற்றவரைப் பிணிப்பதற்கும் ஆகும்.

இக்காலத்தில் நாம் கூடங்களின் சுவர்களில் பதிக்கும் சலவைக்கற்களில் கொடையாளர் பெயரும் தொகையும் உள்ளன. அத்தொகை எதற்கு வைக்கப்பட்டது, முதல் எங்குள்ளது, அதன் வட்டியில் ஆண்டுதோறும் எத்தனை மாணவர் படிக்கின்றனர் என்பன பல இடங்களில் எழுதப்படுவதில்லை. சாமுண்டப்பையின் கல்லில் இருந்த ஒரு வரி நம் கற்களில் குறைகின்றது. அவ்வரியைச் சேர்ப்பது பெருஞ்செலவன்று. கல்வி உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் தரப்பட்ட நிதிகளின் நோக்கத்தையும் ஆண்டுப் பயனையும் அறக்கட்டளைகள் பொதுவில் எழுதி வைக்குமாயின், அடுத்த கொடைக்கு அதனினும் சிறந்த விண்ணப்பம் வேண்டுவதில்லை.